முதுகுதாங்கி – ஒன்று

பலேர்மோவில் ஒரு பெண் பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி தேவையில்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் இருப்பதற்குத்தான் தேவை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதற்கும் தேவைப்படவில்லை. கூட வருவது யார் என்று தாதி கேட்பார். கர்ப்பிணி ஒருவரைக் கைகாட்டுவாள். காட்டப்பட்டவர் கையைக் கழுவிவிட்டு உள்ளே போவார். இந்த எளிய வழக்கத்துக்குள் எத்தனை ஆபத்துகள் ஒளிந்திருந்தன என்பது, பிறப்புத் துணைப் பதிவகம் திறக்கப்பட்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரியவந்தது.

பதிவகம் பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகே, ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஏழு மேசைகள், ஒரு இயக்குநர், இரண்டு கொடிகள். மின்தூக்கி வேலை செய்யாததற்கு வருந்தும் அறிவித்தல் திறப்பு விழாவுக்கு முன்பே அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. விழாவில் இயக்குநரின் உரை சுருக்கமாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். நாற்பது நிமிடம்தான்.

"நாங்கள் இல்லாமலே இத்தனை ஆயிரம் ஆண்டுகளாகப் பெண்கள் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் இயக்குநர். "யாரும் பொறுப்பெடுக்கவில்லை. யாரும் கையெழுத்திடவில்லை. இந்த அலட்சியத்துக்கு இன்றோடு முடிவு."

அன்று வெளியான சுற்றறிக்கையின்படி, கணவன், தாய், சகோதரி தவிர்ந்த எவரும் பிரசவ அறைக்குள் துணையாகப் போவதென்றால் அவர் சான்றிதழ் பெற்ற 'தூலா'வாக இருக்க வேண்டும். தூலா மருத்துவமாது அல்ல. ஊசி போடமாட்டார், தொப்புள்கொடி வெட்டமாட்டார். தாயோடு இருப்பார், அவ்வளவுதான். சான்றிதழ் உள்ளவருக்கு அரசு காப்புறுதி உண்டு. காப்புறுதி இல்லாதவருக்குக் கதவு திறக்காது.

தான் ஒரு தூலா என்பது குகனேஸ்வரிக்குத் தெரியாது. வயது ஐம்பத்து மூன்று. ஊர் யாழ்ப்பாணம். பலேர்மோவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. காலையில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டிலும் பின்னேரத்தில் ஒரு பல்வைத்தியரின் அலுவலகத்திலும் கூட்டித் துடைக்கிற வேலை. இடையில் யாராவது தமிழ்ப் பெண்ணுக்குப் பிரசவ நோ தொடங்கினால் பிளாஸ்கில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். இருபத்தாறு வருடமாகப் போகிறார். அங்கே அவர் செய்வது ஒன்றுதான். கட்டிலில் ஏறி, பிள்ளை பெறப்போகிறவளின் முதுகோடு தன் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொள்வார்.

"முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தால் வெக்கத்திலை கத்தமாட்டினம்" என்பது அவருடைய விளக்கம். "முதுகுக்கு வெக்கம் இல்லை."

சுற்றறிக்கை வந்தபோது நிரோசினிக்கு ஐந்து மாதம். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் கணவன் பிரதீஸோடு இருந்தாள். பிரதீஸ் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவு உணவகத்தில் மீன் வெட்டுகிறவன். கணவன் என்பதால் அவனுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் உள்ளே ஒருவருக்குத்தான் இடம்.

"நான் போறன் தானே அக்கா" என்றான் பிரதீஸ், வீட்டுக்கு வந்திருந்த குகனேஸ்வரியிடம். "ரத்தம் எனக்குப் புதிசே?"

"மீன் கத்திறேல்லை" என்றாள் நிரோசினி. "நான் கத்துவன். நீங்கள் விழுவியள். பிறகு டொக்டர்மார் உங்களைப் பாப்பினம்."

பிறகு அவள் குகனேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். முந்தைய ஆண்டு கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் அவளுக்கு ஒரு பிள்ளை தவறிப்போயிருந்தது. அப்போது அவள் பலேர்மோவுக்கு வந்து நான்கு மாதம்தான். அயலில் யாரையும் தெரியாது. பிரதீஸ் வேலையில் நின்றான்.

"நாலு டொக்டர்மார் எனக்கு மேலாலை நிண்டு கதைச்சவை அக்கா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. மூண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருத்தர் போனிலை மொழிபெயர்த்துக் காட்டினவர். அதுமட்டும் பிள்ளை இருக்கெண்டு நினைச்சு வயித்தைத் தடவிக்கொண்டு படுத்திருந்தனான். இந்த முறை நல்லதோ கெட்டதோ, அவை சொல்லேக்கையே தமிழிலை சொல்ல நீங்கள் நிக்கவேணும்."

"நிப்பன்" என்றார் குகனேஸ்வரி.

ஒரு சொல்தான். அதைக் காப்பாற்றுவதற்கு அடுத்த நான்கு மாதங்கள் தேவைப்பட்டன.

விண்ணப்பம் நிரப்ப மொனிகாவிடம் போனார். மொனிகா பலேர்மோவில் பிறந்தவள். தாய் விமலராணி மன்னாரிலிருந்து வந்தவர். மொனிகா பிறந்த நாளில்தான் குகனேஸ்வரி முதன்முதலாக ஒருத்திக்கு முதுகு கொடுத்தார். இப்போது மொனிகா தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறு அலுவலகத்தில் தமிழர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். அதோடு பதிவகத்தின் இணையவழிப் பயிற்சியையும் முடித்திருந்தாள். இருநூற்று நாற்பது மணித்தியாலம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"அப்ப நீ பிள்ளைப்பேறு பாத்திருக்கிறியே?"

"வீடியோவிலை அன்ரி. பாதியிலை நிப்பாட்டிப்போட்டன். அந்தப் பகுதி சோதினைக்கு வரேல்லை."

இருவரும் மூன்றாம் மாடி ஏறினார்கள். மேசையிலிருந்த அலுவலர் முதலில் பெர்மெஸ்ஸோவைக் கேட்டார், அதாவது வதிவிட அனுமதி அட்டையை. அது இன்னும் நான்கு மாதத்தில் காலாவதியாக இருந்தது. புதுப்பிக்கக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் குகனேஸ்வரி எடுத்து வைத்தார்.

"பற்றுச்சீட்டு என்பது ஒரு நம்பிக்கை" என்றார் அலுவலர். "நாங்கள் நம்பிக்கையின் மேல் சான்றிதழ் வழங்குவதில்லை. இருந்தாலும் நிபந்தனையோடு எடுத்துக்கொள்கிறேன். இதுவரை எத்தனை பிரசவங்களில் இருந்திருக்கிறீர்கள்?"

மொனிகா மொழிபெயர்த்தாள். குகனேஸ்வரிக்கு வீட்டு இத்தாலியனும் ஆஸ்பத்திரி இத்தாலியனும் தெரியும், அலுவலக இத்தாலியன் பிடிபடாது. குகனேஸ்வரி தலையசைத்தார். "பிள்ளையளை எண்ணப்படாது. கண்ணூறு."

"நிறைய என்கிறார்" என்றாள் மொனிகா.

"நிறைய என்பதற்குக் கட்டம் இல்லை, சிஞ்ஞோரினா. இருபது வேண்டும். ஆதாரத்தோடு."

"ஆஸ்பத்திரியிலை கேட்டால் சொல்லுவினம்."

"ஆஸ்பத்திரிப் பதிவில் தாயின் பெயர் இருக்கும், பிள்ளையின் பெயர் இருக்கும். உங்கள் பெயர் இருக்காது. அந்த நேரங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது அரசுக்குத் தெரியாது."

"அங்கைதான் இருந்தனான்" என்றார் குகனேஸ்வரி.

அலுவலர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

குகனேஸ்வரி படியிறங்கினார். சப்பாத்துக் கடைக்கு முன்னால் வந்ததும் நின்றார். "அல்பங்கள் இருக்குத் தானே" என்றார்.

சாமத்தியவீட்டு அல்பங்களைத்தான் சொன்னார். பலேர்மோத் தமிழர் வீடுகளில் பெண்பிள்ளை பெரிசானால் மண்டபம் எடுத்து விழாச் செய்து, அதைப் படம்பிடித்து, வெல்வெட் பெட்டிக்குள் ஓர் அல்பமாக வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை பிறந்தபோது யார் கூட நின்றாரோ அவரையே முதல் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுவது இந்த ஊர்த் தமிழர் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட வழக்கம். ஆகவே ஒவ்வொரு அல்பத்திலும் ஆறாம் ஏழாம் பக்கத்தில் குகனேஸ்வரி தட்டோடு நிற்பார். இதைவிட வேறென்ன ஆதாரம்?

இருபத்திரண்டு அல்பங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. பிரதீஸ் உணவகத்தின் மீன் ஏற்றும் வானை இரவல் வாங்கி வந்தான். மின்தூக்கி தன் வருத்தத்தைத் தொடர்ந்து தெரிவித்துக்கொண்டிருந்ததால், மூன்று மாடிக்கும் ஆறு தடவை ஏறி இறங்கினான்.

ஆதாரங்களைப் பரிசீலிக்கும் ஆணைக்குழுவில் மூவர் இருந்தனர்: இயக்குநர், சட்ட ஆலோசகர், காப்புறுதி நிறுவனத்தின் பிரதிநிதி. மேசையில் வாளை மீன் வாசத்தோடு அல்பங்கள் திறக்கப்பட்டன. பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியும் அணிந்த ஒரு சிறுமி, கடதாசியால் செய்த அன்னப்பறவைப் படகில் உட்கார்ந்திருந்தாள்.

"இது திருமணமா?" என்று கேட்டார் சட்ட ஆலோசகர், பேனாவை எடுத்துக்கொண்டே.

"இல்லை, இல்லை" என்றாள் மொனிகா அவசரமாக. "வளர்ந்ததற்கான கொண்டாட்டம். பக்கத்தில் தட்டோடு நிற்பவர் இவர்."

"சரி. பிரசவம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

மொனிகா மொழிபெயர்த்ததும் குகனேஸ்வரி சிறுமியைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பிள்ளைதான் பிறந்தது."

"இவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்."

"ஓம். பிறந்தபடியால்தானே பதின்மூண்டு."

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஞ்ஞோரா, இந்தப் படம் இவள் இருக்கிறாள் என்பதை நிரூபிக்கிறது. பிறந்தாள் என்பதை நிரூபிக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாங்கள் இங்கே இருப்பதற்கே அர்த்தம் இல்லை."

இயக்குநர் தலையிட்டார். அல்பத்தின் தாளை இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "தரமான தாள்" என்றார். "இவ்வளவு தடித்த தாளில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் படப்பிடிப்பாளரின் எண் கிடைக்குமா? எங்கள் ஆண்டு மலருக்கு."

காப்புறுதிப் பிரதிநிதி இருபத்திரண்டு அல்பங்களையும் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். "எல்லாமே பெண்பிள்ளைகள்தானா?"

"பொடியளுக்கு ஆர் அல்பம் அடிக்கிறது?" என்றார் குகனேஸ்வரி.

"ஆண்பிள்ளைகளுக்கு இந்த ஆவணம் கிடையாது என்கிறார்" என்றாள் மொனிகா.

பிரதிநிதி அதைக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பை அன்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

செய்முறைப் பரீட்சை அடுத்த மாதம் நடந்தது. நடுக்கூடத்தில் ஒரு மருத்துவக் கட்டில். அதில் வயிறு பெருத்த ஒரு இறப்பர் பொம்மை. பெயர் 'தாய் அ'. குகனேஸ்வரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, பொம்மையை நிமிர்த்தி, முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்தார்.

பரீட்சகர் மணியடித்தார். "சம்மதம் பெறாமல் தொட்டுவிட்டீர்கள்."

"பொம்மையெல்லோ?" என்றார் குகனேஸ்வரி, மொனிகாவைப் பார்த்து.

"பொம்மை மறுப்புத் தெரிவிக்கவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது" என்றார் பரீட்சகர். "இறங்குங்கள். மறுபடியும்."

இறங்கினார். பொம்மையின் முன்னால் நின்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில், சிஞ்ஞோரா, நான் உங்களைத் தொடலாமா என்று கேட்டார். பொம்மை பதில் சொல்லவில்லை. விதிப்படி நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். இரண்டாம் முறை கேட்டார். மேலும் நான்கு நிமிடம். மூன்றாம் முறை கேட்டபோது பரீட்சை நேரம் முடிந்தது.

அவருக்கு முழுப் புள்ளி கிடைத்தது. தாயின் மௌனத்தை மதித்து, கடைசிவரை எதுவும் செய்யாமல் நின்ற ஒரே விண்ணப்பதாரர் என்று பரீட்சகர் தனிக் குறிப்பும் எழுதினார்.

"நான் எல்லாத்துக்கும் இதைத்தான் செய்யவேணுமோ?" என்று குகனேஸ்வரி படியில் கேட்டார்.

"சோதினைக்குத்தான் அன்ரி. உள்ளுக்கை ஆர் பாக்கப்போகினம்?"

நிரோசினிக்கு இப்போது ஒன்பதாம் மாதம். ஸ்கானில் ஆண்பிள்ளை என்று சொல்லியிருந்தார்கள். பிரதீஸ் அதைக் கேட்டு உணவகத்தில் ஒரு முழு மீனைத் தலைகீழாக வெட்டிவிட்டானாம்.

சான்றிதழ் வழங்கும் விழா பகேரியாவில், பழைய பிரபு ஒருவருடைய மாளிகையில் நடந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் குகனேஸ்வரி இரண்டு வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு மொனிகாவோடு ரயிலேறிப் போனார். கூரையில் தேவதைகள் வரைந்திருந்த மண்டபம். முன்வரிசையில் பூச்செண்டுகள். கர்ப்பிணிகள் யாரும் அழைக்கப்படவில்லை. நாற்காலிகள் போதாதென்று ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார்கள்.

காப்புறுதிப் பிரதிநிதி பேசினார். "எங்கள் காப்பு முழுமையானது. துணையாளர் வழுக்கி விழுந்தால் காப்பு உண்டு. மனம் கலங்கினால் காப்பு உண்டு. கணவர் மயங்கித் துணையாளர்மேல் விழுந்தால் இருவருக்கும் காப்பு உண்டு. விலக்கு ஒன்றேயொன்றுதான். பிரசவம். பிரசவம் தொடங்கியதும் அது மருத்துவ நிகழ்வாகிவிடுகிறது, அங்கே எங்களுக்கு வேலையில்லை. முடிந்ததும் காப்பு மறுபடியும் தொடங்கும்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். "அப்படியென்றால் இந்தக் காப்புறுதி எதற்கு?"

"கதவு திறப்பதற்கு" என்றார் அவர். சபை கைதட்டியது.

முதலாம் இலக்கச் சான்றிதழ் மொனிகாவுக்குக் கிடைத்தது. நம் மாகாணத்தின் புதிய முகம் இதுதான் என்று இயக்குநர் அவளைக் கமராவின் பக்கம் திருப்பிவிட்டார். குகனேஸ்வரிக்குப் பதினான்காம் இலக்கம். கையெழுத்திட்டு வாங்கி, மொனிகாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மொனிகா வாசித்தாள். பிறகு திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"என்ன பிள்ளை?"

"அன்ரி, இதிலை கீழை ஒரு வரி இருக்கு. 'பெண் குழந்தைகளின் பிறப்புக்கு மட்டும் செல்லுபடியாகும்' எண்டு."

இயக்குநரிடம் போனார்கள். அவர் ஒரு கையில் பிஸ்தா இனிப்போடு நின்றார். "விளக்கம் எளிது" என்றார். "இருபத்திரண்டு ஆதாரங்கள் தந்தீர்கள். இருபத்திரண்டும் பெண். ஆண் பிறப்பில் உங்களுக்கு அனுபவம் இருப்பதாக அரசிடம் எந்தத் தகவலும் இல்லை. காப்புறுதி நிறுவனம் அனுபவமில்லாத துறையை ஏற்காது. இதை ஒரு குறையாக எடுக்காதீர்கள். நீங்கள் இப்போது நிபுணர்."

"ஆம்பிளைப் பிள்ளையளும் அதே வழியாலைதானே வருகினம்?" என்றார் குகனேஸ்வரி.

மொனிகா அதை மொழிபெயர்க்கவில்லை. அப்போது குகனேஸ்வரியின் போன் அடித்தது. பிரதீஸ்.

"அக்கா, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. ஆம்புலன்சிலை போறம். எங்கை நிக்கிறியள்?"

"வாறன். அவளிட்டைச் சொல்லு, வாறன் எண்டு."

பகேரியாவிலிருந்து ரயில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பலேர்மோவுக்குப் போய்விடும். அன்று அது இருபது நிமிடம் பிந்தி வந்தது. வழி முழுக்க மொனிகா சட்டப்பிரிவுகளைப் போனில் தேடினாள். குகனேஸ்வரி பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் கடலைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதிக் கதவில் இப்போது ஒரு காவலரும் ஒரு திரையும் இருந்தன. உள்ளே இருந்த ஒரே இடத்தை அக்காவுக்கென்று விட்டுவிட்டுப் பிரதீஸ் வெளியே வாங்கில் இருந்தான். குகனேஸ்வரியின் சான்றிதழ் இலக்கத்தைக் காவலர் தட்டினார். பிறக்கவிருப்பது ஆண், தகுதி பெண் மட்டும் என்று திரை சிவந்தது.

கத்தரீனா வெளியே வந்தார். பத்தொன்பது வருடமாக அங்கே மருத்துவமாதாக இருப்பவர். "குகா, எங்கே போனாய்? அவள் உன்னைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறாள்."

"கதவு விடுகுதில்லை."

கத்தரீனா திரையைப் பார்த்தார். பலேர்மோக்காரர் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு சொல்லைச் சொன்னார். "எனக்கு உன்னைத் தெரியும். இந்தக் கதவுக்குத் தெரியாதே. நானும் சாவியை ஒப்படைத்துவிட்டேன். இப்போது இதுதான் சாவி."

உள்ளேயிருந்து நிரோசினியின் குரல் கேட்டது. "குகனக்கா வந்திட்டாவோ? ஆராவது சொல்லுங்கோ!" தமிழில்தான் கேட்டாள். உள்ளே யாருக்கும் அது விளங்கவில்லை.

குகனேஸ்வரி கதவில் இரண்டு கையையும் வைத்துக் கத்தினார். "வெளியிலை நிக்கிறன் பிள்ளை! வாறன்!"

காவலர் மொனிகாவைப் பார்த்தார். "உங்களிடம் சான்றிதழ் இருக்கிறதா?" அவள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். முதலாம் இலக்கம். எல்லாப் பிறப்புக்கும் செல்லும். இருநூற்று நாற்பது மணித்தியாலப் பாடத்திட்டம் ஆண் பெண் இரண்டையும் உள்ளடக்கியிருந்தது. திரை பச்சையாகியது.

"அன்ரி, எனக்கு ஏலாது. நான் உள்ளுக்குப் போனால் விழுந்திடுவன்."

"விழுந்தால் உனக்குக் காசு தருவினம் எண்டு சொன்னவங்கள்தானே. போ."

"போய் என்ன செய்யிறது? Mamma mia, எனக்குப் படிவம் நிரப்பத்தான் தெரியும்!"

அந்த வேளையில் திரை அடுத்த பக்கத்துக்குப் போனது. துணையாளர் கொண்டுசெல்லும் உபகரணங்கள் என்று ஒரு பட்டியல்: பந்து, தலையணை, முதுகுதாங்கி. எண்ணிக்கை. தொடர் இலக்கம். மொனிகா பட்டியலைப் பார்த்தாள். குகனேஸ்வரியைப் பார்த்தாள். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். படிவம் நிரப்புவதில் பலேர்மோவில் அவளை வெல்ல ஆளில்லை.

முதுகுதாங்கி. ஒன்று. தொடர் இலக்கம் கேட்ட இடத்தில், மனப்பாடமாக இருந்த ஒரேயொரு நீண்ட இலக்கத்தை அடித்தாள். குகனேஸ்வரியின் பெர்மெஸ்ஸோ இலக்கம்.

கதவு திறந்தது.

"முதுகுதாங்கி எங்கே?" என்றார் காவலர்.

மொனிகா குகனேஸ்வரியைக் காட்டினாள்.

காவலர் திரையையும் குகனேஸ்வரியையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். ஆனால் திரையில் இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "சுத்தம் செய்யக்கூடியதா?" என்று வாசித்தார்.

"இந்த ஊரில் பாதி வீடுகளைச் சுத்தம் செய்வதே இவள்தான்" என்றார் கத்தரீனா. "'ஆம்' என்று போடு."

பின்னேரம் நாலரை மணிக்குக் குகனேஸ்வரி சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலில் ஏறினார். யாரிடமும் சம்மதம் கேட்டு நான்கு நிமிடம் காத்திருக்கவில்லை. நிரோசினியின் முதுகு வந்து அவர் முதுகில் சாய்ந்தது. மொனிகா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"கதவுப் பக்கமாப் போய் நில்" என்றார் குகனேஸ்வரி. "விழுந்தால் வெளியிலை விழு. எங்களை மறிச்சுக்கொண்டு கிடவாதை."

நிரோசினி கத்தினாள். பிரதீஸைத் திட்டினாள். பிரதீஸின் தாயைத் திட்டினாள். மூன்றாம் மாடியையும் அங்கேயிருந்த ஏழு மேசைகளையும் திட்டினாள். ஆறரை மணிக்கு வைத்தியர் திடீரென்று குனிந்து கத்தரீனாவிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். நிரோசினியின் முதுகு கல்லாக இறுகியது.

"என்ன சொல்லுறார்? அக்கா, என்ன சொல்லுறார்?"

"கொடி கழுத்திலை ஒரு சுத்துச் சுத்திக் கிடக்காம். இப்ப எடுத்துவிடினம். தள்ளாதை, பொறு. பிள்ளையின்ரை நெஞ்சு நல்லா அடிக்குதாம். நல்லா அடிக்குது. கேட்டியே?"

"கேட்டது."

"எடுத்தாச்சு. இப்ப தள்ளு."

ஆறு நாற்பதுக்குப் பிள்ளை அழுதது. மூன்று மணித்தியாலம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. மொனிகா விழவில்லை. ஆனால் மிக நீண்ட நேரம் அழுதாள். மனம் கலங்கியதற்கான இழப்பீட்டுப் படிவத்தை அவள் நிரப்பவேயில்லை.

மாகாணத்தின் முதல் காப்புறுதி பெற்ற பிறப்பு என்று பதிவகம் அறிவித்தது. இயக்குநர் வார்ட்டுக்கு நேரில் வந்தார். "இந்தக் குழந்தையைப் பாருங்கள்" என்றார் நிருபர்களிடம். "எங்கள் முறைமை இல்லாமல் இது எப்படிப் பிறந்திருக்கும்?" படத்தில் இயக்குநர், மொனிகா, பிள்ளை. கட்டிலில் பாதி நிரோசினி. ஓரத்தில் ஒரு பிளாஸ்கும் அதைப் பிடித்திருக்கும் ஒரு கையும்.

ஆறு கிழமை கழித்துப் பதிவகத்திலிருந்து குகனேஸ்வரிக்குப் பதிவுத் தபால் வந்தது. அன்று அவர் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோவுக்காக மூன்றாம் தடவை கைரேகை கொடுத்துவிட்டு வந்திருந்தார். விரலில் இன்னும் மை இருந்தது. இயந்திரம் பழுதென்று அன்று மையில் எடுத்தார்கள். பழைய அட்டை காலாவதியாகி ஒரு கிழமை. கடிதத்தைப் பிரிக்காமலே மொனிகாவின் மேசையில் வைத்தார்.

மொனிகா வாசித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

"சொல்லு பிள்ளை. பறிச்சிட்டாங்களோ?"

"பறிச்சிட்டாங்கள் அன்ரி. உங்கடை சான்றிதழ் ரத்து. ஏனெண்டால், உங்கடை பெர்மெஸ்ஸோ இலக்கம் ஏற்கெனவே வேறை பிரிவிலை இருக்காம். உபகரணப் பட்டியலிலை. 'ஒரே இலக்கம் ஒரே நேரத்தில் ஆளாகவும் பொருளாகவும் இருக்க முடியாது. முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்ட பிரிவே நிலைக்கும்.'" அவள் கடிதத்தைக் கீழே வைத்தாள். "என்ரை பிழை அன்ரி. நான்தான் அடிச்சனான். மேன்முறையீடு போடுவம். உபகரண நிலையிலிருந்து ஆள் நிலைக்கு மாற ஒரு படிவம் இருக்கு. அதுக்கு இருபது ஆம்பிளைப் பிள்ளையளுக்கு ஆதாரம் வேணும், ஒரு வருசத்துக்குச் செல்லுபடியாகிற பெர்மெஸ்ஸோ வேணும், பிறகு திரும்ப அந்தப் பொம்மை..."

"பொறு" என்றார் குகனேஸ்வரி. "சாமானா இருந்தால் உள்ளுக்குப் போகலாமோ?"

"சான்றிதழ் உள்ள ஒராள் கொண்டுபோகலாம். நான் கொண்டுபோவன்."

"ஆணோ பெண்ணோ எண்டு கேப்பினமோ?"

"முதுகுதாங்கியிட்டையோ? இல்லை."

"துஷாந்திக்கு வாற கிழமை நாள். ரெட்டைப் பிள்ளை. ஒண்டு ஆண், ஒண்டு பெண்" என்றார் குகனேஸ்வரி. பிறகு மை படிந்த தன் விரலைப் பார்த்தார். "சாமானுக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணுமோ?"

மொனிகா கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். ஓரத்தில் ஒரு பட்டைக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வாசித்தாள். "வேண்டாம் அன்ரி. காலவரையறை இல்லையாம். வருசத்துக்கு ஒருக்கா, தேய்மானம் இல்லையெண்டு காட்டினால் போதும். இந்த ஸ்டிக்கரை மட்டும் பார்வையான இடத்திலை ஒட்டவேணுமாம்."

குகனேஸ்வரி கைப்பையைத் திறந்து, காலாவதியான பெர்மெஸ்ஸோவை எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்ப இதுக்கு மேலை ஒட்டு."